மணி அடித்த பிறகே கதவு

வியன்னா,
டிசம்பர் 11

அன்புள்ள பிர்கிட்டுக்கு,

கெர்னோட் எழுதுவது. நீயும் ரோசலியும் எமிலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சால்ஸ்பர்க்கில் இதற்குள் பனி கொட்டியிருக்கும். இங்கே வெறும் தூறலும் சேறும்தான். பிள்ளைகளை விடுமுறைக்கு என்னிடம் அனுப்ப ஒத்துக்கொண்டதற்கு நன்றி. நாள்வாரியாக என்ன செய்யப்போகிறோம் என்று எழுதி அனுப்பச் சொன்னாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். அதனால் கடிதம்.

23ஆம் தேதி ரயில் பதினொன்றரைக்கு வருகிறது. பதினோரு மணிக்கே நடைமேடையில் நிற்பேன். சிரிக்காதே. எங்கே போனாலும் அரைமணி முன்னால் போய் நிற்கிற ஆள் என்று நீ கேலி செய்ததெல்லாம் வாஸ்தவம்தான். மதியம் ஐஸ் சறுக்கு. எமில் பிடித்துக்கொண்டு சறுக்க ஒரு பென்குவின் பொம்மை தருகிறார்கள். ரோசலி எதையும் பிடிக்க மாட்டாள், விழுந்தாலும் விழவில்லை என்று சாதிப்பாள். அது உன் பிடிவாதம்.

25ஆம் தேதி அருங்காட்சியகம் மூடியிருக்கும். அதனால் மிருகக்காட்சி சாலை, யானைகள். 26ஆம் தேதி பெரிய ராட்டினம். அதற்குள் பனி விழுந்தால் ராட்டினத்தை விட்டுவிட்டு மேட்டில் சறுக்குவண்டி. எமிலின் இருமல் மருந்து, தொப்பி, மாற்றுக் காலுறை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. 27 காலையில் ரயிலேற்றிவிடுகிறேன்.

24ஆம் தேதியைத் தாண்டி வந்துவிட்டேன். கவனித்திருப்பாய்.

அந்த நாளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும், பிர்கிட். ஒருவர் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டு கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்து, பரிசுகளை அடுக்கி, மணி அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் கதவைத் திறக்கலாம். பிள்ளைகள் கணக்கில், மரத்தையும் பரிசுகளையும் கொண்டுவந்து வைத்த குழந்தை இயேசு அந்த நொடியில்தான் ஜன்னல் வழியாகப் போயிருப்பார். இத்தனை வருஷமும் நான் வெளியே, நீ உள்ளே. இந்த முறை நான் ஒற்றை ஆள். யானை, பென்குவின் வரைக்கும் யோசித்த எனக்கு இது போன வாரம்தான் உறைத்தது.

கீழ்வீட்டு ஸ்வோபோடாவிடம் புலம்பினேன். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், உனக்குத்தான் தெரியுமே. "மணிதானேய்யா? நாப்பது வருஷம் அதைத்தானே அடிச்சேன். உங்க குழந்தை இயேசு லேட்டா வந்தாலும் நான் டயத்துக்கு அடிச்சிடுவேன்" என்றார். சரி, அவரே செய்யட்டும் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போன் பேசினார்களே, அப்போது நீ சமையலறையில் இருந்தாய் போலிருக்கிறது. ரோசலி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அப்பா, நான் யோசிச்சு வச்சிருக்கேன். 24ஆம் தேதி நீங்க எமிலைக் கூட்டிட்டுப் போங்க. நான் வயித்து வலின்னு படுத்துக்கறேன். நீங்க போனதும் மரத்தை நான் பண்ணிடறேன். மேல் கிளைக்கு ஸ்டூல் மட்டும் எடுத்து வச்சிடுங்க. மெழுகுவத்தி ஏத்தத் தீப்பெட்டி தொட மாட்டேன், பயப்படாதீங்க. மணியும் நானே அடிச்சிடுவேன்."

ஒன்பது வயசுப் பிள்ளை. அதற்குள் எமில் போனைப் பிடுங்கி, "அப்பா, குழந்தை இயேசுவுக்கு அம்மா வீடு மட்டும்தான் தெரியுமா, உங்க வீடும் தெரியுமா?" என்று கேட்டான். உங்க வீடு என்றான். தொடர்பு சரியில்லை என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

மரம் வைப்பது நாம்தான் என்று ரோசலிக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் எமிலின் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அரைமணி முன்னதாகவே வந்துவிட்டேன். மணிக்காகக் காத்திருக்காமல் கதவைத் திறந்தேன். பாதி முடிந்த மரத்தடியில், மணியை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுதுகொண்டிருந்தாய். என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். "ஒரு மரத்தைக்கூட டயத்துக்கு முடிக்கத் துப்பில்லையா உனக்கு" என்றேன், பிள்ளைகள் முன்னால். ரோசலிதான் தம்பியை இழுத்துக்கொண்டு, "குழந்தை இயேசு களைச்சுப் போயிட்டாருடா, அம்மா கொஞ்சம் உதவி பண்றாங்க" என்று சமாளித்தாள். அன்றோடு அவளுடைய குழந்தைத்தனம் போய்விட்டது. மார்ச்சில் நீங்கள் கிளம்பிப் போனீர்கள்.

அன்று ஏன் அழுதாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதவனுக்கு இப்போது கேட்க என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் இதைக் கேட்கிறேன். 24ஆம் தேதி நீ வர முடியுமா? மதிய ரயிலில் வந்தால் போதும். இரண்டு மணிக்கெல்லாம் நாங்கள் வெளியே போயிருப்போம். சாவி ஸ்வோபோடாவிடம் இருக்கும். மரத்தில் தொங்கவிடும் வைக்கோல் நட்சத்திரங்கள் நீ வைத்த சிவப்புப் பெட்டியிலேயே இருக்கின்றன. மணி சமையலறை இழுப்பறையில். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால், மணி அடித்துவிட்டு முற்றத்துப் பக்கப் படியில் இறங்கிப் போய்விடலாம். மாலையிலும் ரயில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நீ வந்தது ரோசலிக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். இன்னும் ஒரு வருஷமாவது அவள் கதவுக்கு வெளியே தம்பியோடு நிற்கட்டும், பிர்கிட். ஸ்டூலில் ஏற வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய இரவுச் சாப்பாட்டுக்குக் கெண்டை மீன் எத்தனை பேருக்கு என்று மீன்கடையில் கேட்டார்கள். நாலு பேருக்கு என்று வாய் தவறி வந்துவிட்டது. மாற்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே செய். வந்தால் அவசரப்படாதே. எமிலுக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் மாடிப்படியில் நிற்போம். இந்த முறை, நீ மணி அடிக்காமல் நான் கதவைத் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
கெர்னோட்