மே ஆறு வேண்டாம்

ஏப்ரல் 21

நாளைக்கான பெட்டி பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. அதிசயம்தான். 'இதே நாளில்' என்று நாளிதழில் வானிலைக்கு மேலே வரும் மூன்று வரிப் பெட்டிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் பொறுப்பு. ஆசிரியர் முதல் நாள் போட்ட சட்டம் இன்னும் மாறவில்லை: "ஒண்ணு சாவு, ஒண்ணு சாதனை, ஒண்ணு சும்மா." எந்தத் தேதியைத் தட்டினாலும் சாவுக்குப் பஞ்சமே இல்லை. சும்மாவுக்குத்தான் அலைய வேண்டும்.

பிழை பார்க்கக் காற்புள்ளி வந்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நின்று யோசித்துப் பேசுவதால் எங்கள் புரூஃப் ரீடருக்கு அலுவலகம் முழுக்க அந்தப் பெயர்தான். மனைவி இறந்து எட்டு வருஷமாகத் தனியாள். ஆறு வருஷமாக மதியம் நாங்கள் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். பெட்டியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சந்தேகம். இந்த வரியில இல்ல... நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

எனக்கு நாற்பத்தேழு வயது. ஒருவர் இப்படிக் கேட்டதற்கு என் வாயில் வந்த பதில்: "பக்கம் அச்சுக்குப் போகணும்." அடிக் கிறுக்கி.

ஏப்ரல் 22

பக்கம் போயிற்று. பேசவில்லை.

ஏப்ரல் 25

சரி என்று சொல்லிவிட்டேன்! சாப்பாட்டு மேஜையில், வாயில் சோற்றோடு. கூட்டம் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து போதும் என்று பேச்சு. மே ஆறு அங்கே காலியாக இருக்கிறதாம்.

கை சும்மா இருக்குமா? இடத்துக்குப் போனதும் மே ஆறைத் தட்டிப் பார்த்தேன். 1937: தரையிறங்க வந்த மாபெரும் ஆகாயக் கப்பல் தீப்பிடித்து எரிந்தது. நேரே அவர் மேஜைக்குப் போய், "மே ஆறு வேண்டாம்" என்றேன்.

சாயங்காலம் ஒரு துண்டுத்தாளோடு வந்தார். அதே மே ஆறில்தான் உலகத்தின் முதல் தபால்தலை புழக்கத்துக்கு வந்ததாம். அதே மே ஆறில்தான் ஒருவர் முதன்முதலாக நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடினாராம்.

"மூணுல ரெண்டு நல்லதுதானே? உங்களுக்கு மட்டும் எப்படி... எரிஞ்ச கப்பலே கண்ணுல படுது?"

"தபால்தலை ஒட்டலைன்னா யாரும் சாக மாட்டாங்க" என்றேன். என்ன பதில் இது? எனக்கே புரியவில்லை.

மே 3

மே 22 என்று ஆரம்பித்தவர், நான் வாயைத் திறக்குமுன் தானே கையைத் தூக்கினார். "தெரியும். 1960. அளந்ததுலயே பெரிய நிலநடுக்கம். விடுங்க. மே 29 எப்படி? உலகத்தோட உச்சியில மனுஷன் ஏறி நின்ன நாள்."

1914-இல் அதே நாள் பனிமூட்டத்தில் ஒரு கப்பல் மோதி, பதினான்கு நிமிஷத்தில் ஆயிரம் பேருக்கு மேல் போனதைச் சொன்னேன்.

"நிமிஷக் கணக்கு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மே 9

தங்கை வந்து கத்திவிட்டுப் போனாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஏன்க்கா, உன் முதல் கல்யாணத் தேதியில என்ன நடந்துச்சாம்?"

பார்க்காமலா இருப்பேன்? பொன்னான தேதி. எங்கேயோ ஓர் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். எங்கள் முதல் சண்டை அன்று சாயங்காலமே நடந்தது.

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் தேதி கேட்டுக்கிட்டே இருப்பார்?"

மே 14

தேதியாவது மண்ணாவது. பயம்.

முதல் கணவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் மணிக்கணக்காகப் பேசியவர், அது முடிந்து நாலு மாதத்தில் வாயை மூடினார். பிறகு மூன்று வருஷம், விவாகரத்து வரை அப்படியே. உப்புக் குறைந்தால்கூடச் சொல்ல மாட்டார், எழுந்து போய் எடுத்துக்கொள்வார். ஒரு வீட்டுக்குள் அத்தனை அமைதி இருந்தால் காது வலிக்கும். உண்மையாகவே வலித்தது, டாக்டரிடம் போனேன்.

காற்புள்ளியோ இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிற்கிறவர். அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போய் ஒருநாள் பேச்சே இல்லாமல் போனால்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

எழுதியாயிற்று. போதும். நாளைய பெட்டிக்கு இன்னும் சும்மா கிடைக்கவில்லை.

மே 27

மேஜையில் ஒரு சீட்டு. 'ஜூன் 17, காலை 11 மணி.' பின்னாலேயே அவரும் வந்து நின்றார்.

"வேணாம்னா சொல்லிடுங்க. கோபப்பட மாட்டேன். ஆனா... இன்னொரு தேதி கேக்க மாட்டேன்."

தட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். 1631: ஒரு பேரரசி பிரசவத்தில் இறந்த நாள். அவளுக்காகத்தான் அந்த வெள்ளைப் பளிங்குக் கல்லறையே கட்டினார்கள். உலகத்திலேயே பிரபலமான மனைவியின் சாவு எனக்கென்று இந்தத் தேதியிலா வந்து உட்கார வேண்டும்?

"சரி" என்றேன்.

'ஆனால்' வரும் என்று அவர் காத்திருந்தார். மென்று முழுங்கிவிட்டேன்.

ஜூன் 15

நாளையிலிருந்து இரண்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அதற்காக 16, 17, 18 மூன்று நாள் பெட்டியையும் ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். எங்கள் தொழிலில் எப்போதுமே நாளைதான் இன்று. இப்போது நாளன்றைக்கு மறுநாளும் முடிந்துவிட்டது. தலை சுற்றுகிறது.

தங்கைக்குப் பரீட்சை மேற்பார்வை, சாயங்காலம்தான் வருவாள். சாட்சிக்கு ஆசிரியரும் அச்சகத்து ஃபோர்மனும் அவரோடு வருகிறார்கள். நான் வீட்டிலிருந்து நேரே போகிறேன்.

ஜூன் 17

பதிவு அலுவலக பெஞ்ச். காலை எழுந்து பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் நானே போட்ட பேரரசி முதல் வரியில் செத்துக் கிடப்பாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?

11.00 — இன்னும் வரவில்லை.

11.20 — ஒருத்தரையும் காணோம். குமாஸ்தாவிடம் பெயரைச் சொன்னேன். பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "உங்க பேரு இதுல இல்லையேம்மா."

"யாராவது ரத்து பண்ணிட்டாங்களா?"

"அது எனக்குத் தெரியாது. என் கையில இருக்கறது இன்னிக்குப் பட்டியல் மட்டுந்தான்."

11.45 — ரத்து பண்ணிட்டார். அதுதான். மூணு தேதியைத் தள்ளினவளுக்கு ஒரு தேதி தள்ளிப்போனா வலிக்குதோ? நல்லா வேணும் எனக்கு. பக்கத்துல ஒரு ஜோடி உக்காந்து போட்டோவுக்குச் சிரிக்குது. பொண்ணு கைக்குட்டை நீட்டினா. வாங்கிக்கிட்டேன், வெக்கமே இல்லாம.

எனக்கு வேணும். இத்தனை நாளா வேணாம்னு சொல்ல காரணம் தேடினேனே, வேணும்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னேனா? அவர்தானே ஒவ்வொரு தடவையும் வந்து நின்னார். பேசாம இருந்தது யாரு? நான்தானே!

12.10 — அழுது முடித்தாயிற்று. போன் பண்ணப் போகிறேன். திட்டினால் திட்டட்டும்.

ஜூன் 16

மேலே 'ஜூன் 17' என்று எழுதியிருப்பதும் ஜூன் 16தான்.

போனை எடுத்தவுடன் மூச்சு விடாமல் சொன்னேன்: "நீங்க வராதது நியாயந்தான். ஆனா எனக்கு இன்னொரு தேதி குடுங்க. எந்தத் தேதியானாலும் சரி. ஊரே பத்தி எரிஞ்ச நாளானாலும் சரி, போர் மூண்ட நாளானாலும் சரி, நான் வரேன். எனக்கு உங்களைக் கட்டிக்கணும்."

நிறுத்தம். அவர் வாழ்க்கையிலேயே நீளமான நிறுத்தம்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல."

"இன்னிக்குத் தேதி பதினாறுங்க."

பெஞ்சிலிருந்து விழாத குறை. பக்கத்து ஜோடியிடம் கேட்டேன், பதினாறுதானாம். குமாஸ்தாவிடம் கேட்டேன், சுவர்க் காலண்டரைக் காட்டினார். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் பதினேழு. பேப்பரைப் பிரித்திருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்: 'இதே நாளில், 1963: விண்வெளிக்குச் சென்ற முதல் பெண். தனியாகப் போனாள்.' போட்டவளும் நான்தான்.

இருபது நிமிஷத்தில் வந்து நின்றார், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி மாட்டிக்கொண்டு. "இன்னைக்கே முடிச்சுத் தர முடியுமா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார். "நாளைக்கு வாங்கய்யா, ரெண்டு பேருமா சேர்ந்து வாங்க" என்றார் அவர்.

பஸ்ஸில் வீடு வரை கொண்டுவந்து விட்டார். நாற்பது நிமிஷமும் பேசினார். முதல் மனைவியைப் பற்றி, மே ஆறை நான் தள்ளியபோது எவ்வளவு பயந்தார் என்பதைப் பற்றி, அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதை ஆறு வருஷமாக என்னிடம் மறைத்ததைப் பற்றி. என் டப்பாவிலிருந்து அவர் தட்டுக்கு எத்தனை கத்தரிக்காய் போயிருக்கும்!

ஜூன் 17

முடிந்தது. 11.05.

1885-இல் இதே நாள், கையில் தீப்பந்தம் ஏந்திய அந்தச் செம்புப் பெண் சிலை, இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் துண்டு துண்டாகத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. நான் அவர் வீட்டில் மூன்று பெட்டியோடு, முழுசாக.

ஜூலை 8

இந்த மனுஷருக்கு வாய் ஓயவில்லை. நிறுத்தம் எல்லாம் அலுவலகத்தோடு சரி போலிருக்கிறது. பல் தேய்க்கும்போது பேச்சு, துணி மடிக்கும்போது பேச்சு, நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தலையங்கத்தில் விட்ட பிழை பற்றிப் பேச்சு. இன்று காலை முதன்முறையாகச் சொன்னேன்: "கொஞ்சம் சும்மா இருங்களேன்."

இருக்கிறார். இரண்டு நிமிஷமாக. அதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், இதோ கூப்பிடுகிறார்.