பாய்மரம் வெட்டிய கப்பல்

ஐப்பசி 14, வியாழன்

இன்று ஏழாம் வகுப்பில் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் கதையைச் சொன்னேன். பீரங்கிகளோடு கடலைக் கலக்கிய கப்பல். கிழடானதும் பாய்மரங்களை வெட்டி, துறைமுகத்திலேயே நிறுத்தி, கைதிகளை அடைக்கும் சிறையாக்கிவிட்டார்கள். காலில் சங்கிலியோடு கைதி எப்படி நடப்பான் என்று நடந்தும் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சத்துணவு உதவியாளர் செல்வி முட்டை உரித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் புருஷன் மீன்பிடிக்கப் போய், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அவரை மீட்கச் சொல்லி ராமநாதபுரம் கலெக்டருக்கு மனு எழுதிக்கொடுத்ததே நான்தான்.

பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் செல்வி கேட்டார்: "சார், அந்தக் கப்பல்ல கெடந்தவுகள வீட்டு ஆளுக போயிப் பாக்க விட்டாகளா?"

"அது பழைய கதைம்மா" என்றேன்.

"சரி சார்" என்று, மிஞ்சிய முட்டை ஒன்றை எனக்கு நீட்டினார்.

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். முட்டையை வாங்கித் தின்றேன்.