கோப்பி வரும் நாள்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
18.8.1966

அன்பு மகள் தங்கத்துக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதமும் படமும் வந்தன. லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உடுப்பில் நீ நிற்பதை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். இன்னும் பார்க்காதது கொட்டகை மாடுகள்தான்.

சோப்புக் காய்ச்சும் நம் சவர்க்கார ஆலையில் ஒரு விசித்திரம். எதிரே கடை வாசல்களை ஒட்டிய அஞ்சடிப் பாதையில் ஓர் ஆள் அடிக்கடி வந்து நின்றான். கையில் ஓர் அட்டை, அதில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டங்கள். அதை நீட்டிப் பிடித்து நம் புகைபோக்கியைப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான். உன் அப்பன் ஐந்தாம் வகுப்பு மேதை அல்லவா! அடுப்புக்காரனான நான் தூங்குகிறேனா என்று வேவு பார்க்கிறான் என்று முடிவு கட்டி, மூன்று நாள் கொட்டாவிகூட விடவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் புகை சோதனை அதிகாரி எட்மண்ட். புகை இத்தனாவது கட்டத்தைவிடக் கறுத்தால் ஆலைமேல் வழக்காம்.

தெரிந்தபின் சந்தேகம் கூடித்தான் போனது. தண்ணீர்கூடக் கொடுக்காத மேனேஜர் சில நாள் காலையில் பால் டின்னில் கோப்பி அனுப்புவார். கூடவே, “இன்னைக்கு காஞ்ச விறகு மட்டும் போடு லா, டயர் துண்டைத் தொடாதே” என்று உத்தரவு வரும். ஒரு மணி நேரத்தில் எட்மண்ட் வந்து நிற்பார். நான்கு தடவை பார்த்துவிட்டேன். மற்ற நாளெல்லாம் மலிவாகக் கிடைக்கும், கரும்புகை கக்கும் டயர்தான். முன்கூட்டியே சொல்வது யார்? எட்மண்டின் ஆபீசில் ஒருவரா, எட்மண்டேதானா?

ஒருநாள் அவரே, “அண்ணே, நான் வர்ற நாள்ல மட்டும் உங்க புகை குளிச்சிட்டு வருதே, எப்படி?” என்று கேட்டார். என் கைராசி என்றேன். தெரியாமல் கேட்டாரா, நான் உளறுவேனா என்று ஆழம் பார்த்தாரா? அவரும் உடந்தை என்றால், நான் வாய் திறந்த மறுநாளே என் வேலை போய்விடும்.

தனக்கு இருமலே இல்லை என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். கொடியில் காயும் என் சட்டையிலும் அவள் காலையில் துப்பும் சளியிலும் ஒரே கரி. ஆலைக்குப் பின்சந்தில்தானே குடியிருக்கிறோம். “ஊரான் புகையா, உங்க புகைதானே, பழகிடும்” என்று கேலி வேறு.

போன செவ்வாய்க்கிழமை கோப்பி வந்தது. குடித்தேன். குடித்துவிட்டு டயரையே அள்ளிப் போட்டேன். சந்தே இருண்டது. எட்மண்ட் உயர்த்திய அட்டையை வெகுநேரம் இறக்கவில்லை. மேனேஜர் ஓடிவந்து கத்தினார். “கைப்பழக்கம், மறந்துட்டேன் லா” என்றேன். வெளியே போய் நோட்டை எட்டிப் பார்த்தேன். எட்மண்ட் அதை என் பக்கம் திருப்பி, தான் குறித்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். கடைசிக்கு முந்திய கட்டம். சந்தோஷம்தான். ஆனால் அதைப் பென்சிலில் எழுதியிருந்தார். அது இன்னும் என் மனதை அரிக்கிறது.

இனிமேல் கடிதத்தை ஆலை விலாசத்துக்குப் போடாதே, வீட்டுக்கே போடு. தபால்காரர் பகலில் எப்போது வந்தாலும் வாங்க நான் வீட்டிலேயே இருக்கிறேன். நெஞ்சுக் கரிக்கு அங்கே என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று அம்மா பெயரைச் சொல்லாமல், பொதுவாக எழுது.

என்ன கேள்விப்பட்டாலும் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறிவிடாதே, தாயி. நீயாவது நல்ல காற்றில் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
மருதப்பன்