மணப்பெண்ணுக்குப் பின்னால் அசைந்த பனி

அன்பு ஜெனிற்றா அக்கா,

இதை உங்கள் புது மாப்பிள்ளைக்குக்கூடக் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் எல்லாரும் நித்திரை. நான் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

றொக்கி மலையில் உங்களைப் படம் எடுக்க அப்பா முதல்முறையாக என்னை நம்பித் தன் கலியாணப்படக் கமராவைத் தந்தார். “வெள்ளை உடுப்பு, வெள்ளைப் பனி. பொம்பிளையின்ர முகத்தை விட்டிடாதை” என்றார். நீங்கள் சிரித்தபோது பின்னால் பனி அசைந்தது. பார்த்தால் பறவை! கோழியளவு, முழு வெள்ளை. கால்விரலில்கூட இறகு!

நாற்பது படத்திலும் அதுதான் தெளிவு. நீங்கள் புகை மாதிரி நிற்கிறீர்கள். கமரா சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது; அப்பா பார்த்தால் இனிக் கமராவைத் தொட விடமாட்டார். ஆனால் அக்கா, அது என்னைத் திரும்பிப் பார்த்தது! இந்தப் படங்கள்தான் வேண்டும் என்று நாளைக்கு அப்பாவிடம் ஒரு பொய் சொல்லுங்கோ.

ஐயோ, கதவு தட்டும் சத்தம். “பிள்ளை, திற. உந்தப் பறவைக்கு என்ன பேர்?” என்று அப்பா