முத்துராணியின் இலைச் சைக்கிள்

சேரன்மகாதேவி
ஆகஸ்ட் 20, வியாழன் காலை

பிரியமுள்ள மகள் ஸ்டெபிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் பேரைத்தான் முதலில் சொல்லுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் மாடிப்படி ஏறுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பாளையங்கோட்டை அத்தை வீட்டில் புது அறை கட்டி ஜெபம் வைத்தார்கள், அம்மா மட்டும் போய் வந்தாள், நான் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி மெலிந்து போனீர்கள் என்று கேட்டாய், பல்வலி என்று சொன்னேன். அது பொய், மகளே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டுப் பெருமாள்ராஜ் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏழு வாரமாக நான் பயந்துகொண்டு இருக்கிறேன். என்ன பயம் என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எல்லாரும் பைக்குக்கு மாறியபிறகு நம் கடையில் பஞ்சர் வேலை குறைந்துபோனது உனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள், படிப்பு முடிந்தபிறகு வீட்டுக்கு வீடு சும்மா கிடந்தன. முத்துராணி என்று ஒருத்தி, தோட்டங்களில் வாழை இலை வாங்கிப் பத்தமடை ஓட்டல்களுக்குப் போடுகிறவள், புருஷன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டான், ஒரே மகள் போன வருஷம்தான் காலேஜில் சேர்ந்தாள். அந்த மகளுடைய பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன வருஷம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, தலைச்சுமையா எத்தன நாளு சுமக்க? இதுல நாலு கட்டு ஏத்துத மாதிரி செஞ்சி தாங்க" என்றாள். செய்து கொடுத்தேன். பின்சக்கரத்துக்குக் கனமான கம்பி கோத்து, தடித்த டயர் மாட்டி, கேரியரை இரண்டு பக்கமும் நீட்டி, சுமை ஏற்றும்போது சாயாமல் நிற்க இரட்டைக்கால் ஸ்டாண்டு வைத்தேன். நீட்டிய கேரியருக்கு முட்டுக்கொடுக்க இரண்டு இரும்புக் கம்பியை, சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்குகிறதே மெல்லிய குழாய், அதோடு சேர்த்து வெல்டு வைத்தேன். தப்பு அங்கேதான். அந்தக் குழாய் ஒரு பிள்ளையும் ஒரு புத்தகப்பையும் போவதற்குச் செய்தது. பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருபது வருஷம் வெல்டிங் பிடித்தவன் நான், மெல்லிய குழாயைச் சுட்டால் அந்த இடம் பலம் குறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பார்த்து ஓட்டினால் தாங்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவள் எழுபது எண்பது கிலோவை ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போனாள். அதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள், தண்ணீர்க் கேன் போடுகிறவர், மாவு விற்கிறவர், காய்கறிக்காரர் என்று, ஆறு பேருக்கும் அதே மாதிரிதான் செய்தேன். ஊரில் எனக்கு நல்ல பேர். உனக்குக்கூடப் போட்டோ அனுப்பினேன், சூப்பர் அப்பா என்று போட்டிருந்தாய்.

ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலம் முத்துராணி காற்றடிக்க வந்தாள். நான் குனிந்தபோது வலதுபக்கம் வெல்டு வைத்த இடத்தில் பெயிண்டின் மேல் ஒரு கோடு தெரிந்தது. ஒரு தலைமுடி கனம்தான். விரலால் தேய்த்துப் பார்த்தேன், அழியவில்லை. கடையில் மூன்று பேர் காத்துக்கொண்டு நின்றார்கள், எனக்கும் பசி. "சனிக்கிழம கொண்டா, சரி பண்ணித் தாரேன்" என்றேன். சரி அண்ணாச்சி என்று போய்விட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள்.

அன்று காலை எட்டு மணி இருக்கும், டீக்கடைப் பூதலிங்கம் ஓடி வந்தார். ஓடுகிற ஆள் இல்லை அவர். "ஞானையா, வாய்க்கால்ல இலைக்கட்டு மெதந்து போவுது வே, சைக்கிளு உள்ள கெடக்கு, ஆளக் காணல" என்றார். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்து, அவள் பத்தமடை போகிற பாதையோரத்துக் கன்னடியன் கால்வாய் இரண்டு கரையையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் சட்டைகூடப் போடாமல் துண்டோடு ஓடினேன். கரையில் ஒரு செருப்பு கிடந்தது, ஒரு கால் செருப்பு மட்டும். நாலைந்து பேர் தண்ணீருக்குள் முங்கி முங்கித் தேடினார்கள். கயிறு கட்டிச் சைக்கிளை மேலே இழுத்துப் போட்டார்கள். மகளே, இதை உன் அம்மாவிடம்கூட நான் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் அந்த வெல்டைப் பார்த்தேன். முறிந்த வாய் வெள்ளை வெளேரென்று மின்னியது. ஒரு மனுஷி செத்தாளா இருக்கிறாளா என்று தெரியாத நேரத்தில் நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த முறிவின் மேல் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், பூதலிங்கம் பார்த்துவிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது முத்துராணியின் மகள் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தாள். நேரே என்னிடம்தான் வந்தாள். "மாமா, எங்கம்மா எங்க?" என்று கேட்டாள். நீந்தத் தெரியாதவன், கரையோடு ஓடவாவது செய்யலாமே, அதுவும் முடியவில்லை, அந்தச் சைக்கிள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போன் வந்தது. பத்தமடைப் பக்கம் ஒரு படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நஃபீஸத் என்கிற அம்மா, தண்ணீரில் ஏதோ சேலை போகிறது என்று பார்த்திருக்கிறார்கள், பிறகு முடி தெரிந்திருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அந்த முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் முத்துராணியின் வாயிலிருந்து நம்பர் வாங்கி மகளுக்குப் பேசியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது என்ற வார்த்தையைக் கேட்டபிறகுதான் நான் அந்தத் துண்டை எடுத்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று எடுத்தேன்.

அன்று சாயங்காலமே மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் போனேன், சைக்கிளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். நாலு பேர் கொடுத்தார்கள். தண்ணீர்க் கேன் போடுகிற மாரிக்கண்ணு தரமாட்டேன் என்றுவிட்டார். "நாளைக்கி நாப்பது வீட்டுக்குத் தண்ணி போவணும், ஒமக்கு இன்னைக்கிப் பயம் வந்துட்டுன்னா அதுக்கு நான் என்ன வே செய்ய?" என்று சத்தம் போட்டார். நான் தெருவிலேயே அவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, சாவியால் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினேன். இரண்டு பக்கமும் அதே கோடு. மாரிக்கண்ணு குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். "நேத்து இதுலதான் வே எம் பேத்திய முன்னால வச்சி கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாவது ஆளிடம் மாரிக்கண்ணுவே போய் வாங்கி வந்து கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். பெயிண்டில் கோடு விழுந்திருந்ததைப் பார்த்ததையும், துண்டு போட்டு மூடியதையும் அவளிடம் சொன்னேன். அவள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க வெரல வச்சித் தேச்சத நானும் பாத்தேன் அண்ணாச்சி. கல்யாண வீட்டு இலைன்னு நாலு கட்டுக்குப் பதிலா அஞ்சி கட்டு ஏத்துனதும் நாந்தான். அதுக்காவ ஒங்க மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தண்ணிக்குள்ள போனப்பம் எம் மவ பேரு ஞாபகம் வரல அண்ணாச்சி. சுத்தி எல்லாம் பச்சையா இருந்துச்சி, அவ்வளவுதான்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெல்டிங் ஹோல்டரைத் தொட மனம் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கிடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தாள், அம்மாதான் வீட்டிலிருந்து என்னைக் கிளப்பி அனுப்பினாள். வண்டியைச் செய்து தாருங்கள் என்றாள். நான் முடியாது என்றேன், இனி யாருக்கும் செய்யமாட்டேன் என்றேன். "நீங்க செய்யலன்னா நான் வேற ஆளுகிட்ட போவேன். அவன் எங்க வெல்டு வைப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். வெல்டு வைத்த ஏழையும் ஒதுக்கிவிட்டு, ஊரில் சும்மா கிடந்த வேறு ஏழு சைக்கிள் வாங்கினேன், ஒன்றிலும் குழாயில் நெருப்பே படவில்லை. சுமை தாங்குகிற சட்டத்தைத் தனியாகச் செய்து, அதன் கால்களை நேரே பின்சக்கரத்து அச்சில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன், கட்டுகள் உயரத்தில் ஆடாமல் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும். சட்டத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, இதற்குமேல் ஒரு இலைகூட வைக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினேன். அப்படியும் கொடுக்க மனசு வரவில்லை. அம்மாதான், "நீங்க ஏறி ஓட்டிப் பாக்காம அடுத்தவளுக்கு எப்படிக் குடுப்பிய?" என்றாள். போன திங்கட்கிழமை எண்பது கிலோ மணல்மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே வாய்க்கால் கரையில் பத்தமடை வரைக்கும் நான் ஓட்டினேன். இடதுபக்கம் தண்ணீர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடவேண்டும் போல இருந்தது. வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை மகளே, ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். அங்கே போய் இறங்கி ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இளகவில்லை. பிறகு அதே சுமையோடு திரும்பி வந்தேன்.

இன்று காலை ஆறரைக்கு முத்துராணி முதல்முறையாகச் சுமை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். டாக்டர் கனம் தூக்கக்கூடாது என்றதால் நானும் பூதலிங்கமும்தான் கட்டுகளை ஏற்றினோம், மூன்று கட்டுதான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்லி அனுப்பினேன். அரைமணி நேரப் பாதை. இப்போது எட்டு அடிக்கப் போகிறது. இரண்டு தடவை நான் போட்டுப் பார்த்தேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தால் வாய்க்காலுக்கு ஓடிவிடுவேன் என்றுதான் இதை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்து கோணலாகப் போவதற்கு மன்னித்துக்கொள்.

இப்போதுதான் பேசினாள். "ஓட்டல் ஓட்டலா எறக்கிட்டு வாரேன், ரெண்டு கையிலயும் இலைய வச்சிக்கிட்டு போன எப்படி அண்ணாச்சி எடுக்க? வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல போயி சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டாள் மகளே. இனித் திரும்பி வரவேண்டும். நாளைக்கும் போகவேண்டும், மற்ற ஆறு பேரும் தினமும் போகவேண்டும். இந்தப் பயம் இனி என்னை விட்டுப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. போகாமல் இருப்பதுதான் நல்லது என்றும் இப்போது நினைக்கிறேன்.

நீ இதைப் படித்துவிட்டு அழாதே, லீவு கேட்டுப் புறப்பட்டும் வராதே. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக, உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாரும் சுகத்தோடு வீட்டுக்குப் போகட்டும். பெருமாள்ராஜிடம் அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டிருக்கிறாள், எண்ணெய் வழியாமல் பாட்டிலை நிமிர்த்தி வை. டியூட்டி முடிந்து வரும்போது போனைப் பார்த்துக்கொண்டு ரோட்டைக் கடக்காதே, அப்பாவுக்காக இதை மட்டும் செய்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ஞானையா