முட்டாள்கள் தினத்தைத் தொடங்கியவரைத் தேடும் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். பதினோரு நாளாக நீ போனை எடுக்காததால்தான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த செய்தியைச் சொல்ல உனக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதிதானா கிடைத்தது? போன வருடம் அதே நாளில், வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் சமையல் செய்யப் போகிறேன் என்று சொல்லி, அப்பாவை இரண்டு நாள் சோறு இறங்காமல் வைத்திருந்தவள் நீ. இந்த முறை ஏமாறக் கூடாது என்று காலையிலிருந்தே உஷாராக இருந்தவர், "அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்று நீ சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்து, "வேற கதை இருந்தா சொல்லு" என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் மாப்பிள்ளை ஸ்கேன் படத்தை அனுப்பிய பிறகுதான் மனுஷனுக்கு முகம் செத்துப்போனது.

மாப்பிள்ளையிடமாவது தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவரோ, இந்த நாளை முதலில் ஆரம்பித்து வைத்தவன் எவன் என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று தினமும் நூலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டு நான்கு வருடமாகியும் அந்தச் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகவில்லை. நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதிவைத்து நூலகர் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கோ ஒரு ராஜா புது வருடத்தை ஜனவரிக்கு மாற்ற, அது தெரியாமல் பழைய தேதியில் கொண்டாடியவர்களைக் கேலி செய்ததில் தொடங்கியது என்கிறதாம் ஒரு புத்தகம். இல்லை, அதற்கு முன்பே இருந்தது என்கிறதாம் இன்னொன்று. ஒரு பேராசிரியர் விளையாட்டுக்குக் கட்டிவிட்ட கதையைப் பத்திரிகைக்காரர்கள் நம்பி அச்சிட்ட கூத்தும் நடந்திருக்கிறதாம். இத்தனையையும் நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நேற்று மத்தியானம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "யார் ஆரம்பிச்சதுன்னு யாருக்குமே தெரியலடி, இனி நான் யாரைத் திட்டுறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் மேல் பழியைப் போட்டு இவ்வளவு எழுதுகிறேனே, அன்றைக்கு ஸ்பீக்கரில் நீ சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்று நானும்தான் சிரித்தேன். உனக்குக் கேட்டிருக்கும். பெற்றவளுக்காவது உன் குரல் தெரிந்திருக்க வேண்டும்.

கனமான எதையும் தூக்காதே, மாத்திரையைத் தவற விடாதே. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவோம், மறக்காமல் எடு. எடுத்து, அதே செய்தியை இன்னொரு முறை சொல்லு கண்ணு. இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
அன்றைக்குச் சிரித்த உன் அம்மா