பலகையில் ஒரு காலி இடம்

மே 28

மழை. கொட்டகைக் கூரை அதே மூலையில் ஒழுகுகிறது. மேபலின் மூக்குக்கு நேர் கீழே வாளி வைத்தேன். போர்க்காலத்தில் எத்தனையோ பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானம், இன்று மழைக்கு வாளியோடு நிற்கிறது.

தேநீர் நேரத்தில் எங்கள் தொண்டர் குழுவின் தலைவர் டெஸ்மண்ட் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. “கெடைச்சிருச்சு! மன்னர் விருது! சம்பளமில்லாம கிரீஸ் பூசிக்கிட்டுத் திரியுற நம்மளுக்கு!”

அழுதேன். என் தங்கையிலிருந்து தபால்காரர் வரை எங்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்றவர்கள் எல்லோரும் இனி வாயை மூடட்டும்.

ஜூன் 9

விருதைக் கொடுக்க மன்னரின் மாவட்டப் பிரதிநிதி இங்கேயே வருகிறார், 29ஆம் தேதி. அன்று மேபல் பறந்து, அவர் கண்ணெதிரே தலைகீழாகப் புரள வேண்டுமாம். விமானி டாம்ஸின் இப்போதே கையால் காற்றில் புரட்டிக் காட்டுகிறாள்.

ஜூன் 26

பூட்டப் போகும்போது பார்த்தேன். கருவிப் பலகையில் ஓர் இடம் காலி.

ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்து வைத்திருக்கிறோம். கறுப்பு தெரிந்தால் கருவி காணோம். கருவி காணோமென்றால் மேபல் தரையை விட்டு எழக்கூடாது. இது நாங்களே போட்ட விதி, டெஸ்மண்டும் கை தூக்கியதுதான். மேபலின் இருக்கைக்குக் கீழே தளம் கிடையாது. கை தவறியது நேரே வயிற்றுக்குள், வாலை இயக்கும் கம்பிகளுக்கு நடுவே போய் உட்காரும்.

காணாமல் போனது இருப்பதிலேயே சின்ன ஸ்பேனர். விரல் நீளம்.

ஜூன் 27

நாளெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. மேபலின் வயிற்றை முழுதாகத் திறக்க ஒரு வாரமாவது ஆகும். ஓட்டும் பிடியில் சிவப்பு அட்டையைக் கட்டினேன்.

டெஸ்மண்ட் கத்தினார். “ஒரு குட்டி ஸ்பேனருக்காக மன்னரோட ஆளை வெறும் வானத்தப் பாக்கச் சொல்றியா, க்வெண்டா?”

“விமானம் பறக்காதுன்னு சொல்லுங்க. கஷ்டமான வாக்கியமா?”

“இது ஆஸ்பத்திரி இல்ல, பல் டாக்டரம்மா.”

ஆமாம், பல் டாக்டர்தான். வாயை மூடச் சொல்லும் முன் உள்ளே வைத்த பஞ்சைக்கூட எண்ணுகிறவள். அதில் என்ன கேவலம்?

மேபல் பறக்காவிட்டால் கொட்டகைச் சாவியைக் கமிட்டியிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கூடட்டும் கமிட்டி. — ஆனால் சாவி போனால் சனிக்கிழமைகளில் நான் எங்கே போவேன்? பயமாகத்தான் இருக்கிறது. இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 28

காலையில் பலகை நிறைந்திருந்தது! சின்ன ஸ்பேனர் அதன் இடத்தில், பளபளவென்று. எங்கள் கருவிகளுக்கெல்லாம் அடையாளமாக ஒரு மஞ்சள் பொட்டு உண்டு, இதற்கும் இருந்தது. எடுத்தேன். விரலில் மஞ்சள் ஒட்டியது.

“டெஸ்மண்ட், பெயிண்ட் இன்னும் காயல.”

அவர் காது சிவந்தது. “யாரு இதையெல்லாம் உத்துப் பாக்கப் போறா?”

“நான்.”

புது ஸ்பேனரை அவருடைய தேநீர்க் கோப்பைக்குள் போட்டேன். தேநீரோடுதான்.

டாம்ஸினுக்கும் கோபம். “ஓட்டப் போறது நான். எனக்கே பயமில்ல, உங்களுக்கு என்ன?”

“பயமில்லைன்னா சந்தோஷம். சாவி தர மாட்டேன்.”

மூன்று வாரமாக ஒத்திகை பார்த்தவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பாவமாக இருந்தது. இருந்தாலும் தரவில்லை.

ஜூன் 29

பிரதிநிதி வாளும் சீருடையுமாக வந்தார். சுத்தமான நீல வானம். புல்லில் நாற்காலிகள். மேபல் கொட்டகைக்குள்ளேயே நின்றது.

“எப்பப் பறக்கும்?” என்று கேட்டார்.

“காத்து கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார் டெஸ்மண்ட். காற்றின் திசை காட்டும் துணிப் பை செத்த மீனாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“காத்தெல்லாம் இல்லைங்க. ஒரு ஸ்பேனரைக் காணோம். கெடைக்கிற வரைக்கும் பறக்காது,” என்றேன்.

நாற்காலிகளில் ஒரு முணுமுணுப்பு. அவர் பலகையைக் காட்டச் சொன்னார். காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்பப் பறக்காதுதான்,” என்று சொல்லிவிட்டுப் பிளம் ரொட்டி ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

விருதைக் கொடுத்தார், போனார். குழுப் படத்தில் என் பக்கத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை.

ஜூன் 30

யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 7

மேபலின் வயிற்றை முழுதாகத் திறந்தாகிவிட்டது. ஒரு செத்த குளவி, போன கோடையின் மிட்டாய்க் காகிதம். ஸ்பேனர் இல்லை.

“திருப்தியா?” என்றார் டெஸ்மண்ட். அடுத்த சனிக்கிழமை கமிட்டி.

திருப்திதான். அங்கே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, அன்றைக்குத் தெரியாது. கமிட்டியில் இதைத்தான் சொல்வேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன், மன்னிப்பு கேட்கவும் மாட்டேன்.

ஜூலை 10

சாயங்காலம் டாம்ஸின் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கையை விரித்தாள். சின்ன ஸ்பேனர், மஞ்சள் பொட்டோடு.

“வாஷிங் மெஷின்ல கடகடன்னு சத்தம். என்னோட பறக்குற டிரஸ், முழங்கால் பாக்கெட்... சீட்டை முடுக்கிட்டு இதைக் கையுறைக்குள்ள வெச்சு, கையுறையை அதுல திணிச்சிருக்கேன், மறந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த பாக்கெட்டுக்கு ஜிப் போய் ஒரு மாசமாச்சு க்வெண்டா,” என்றாள்.

விழா அன்று அவள் போட்டிருந்ததும் அதே உடைதான். தலைகீழாகப் புரண்டிருந்தால்...

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இதைக் குளத்துல வீசிட்டு வேற ஒண்ணு வாங்கிடலாமான்னு நெனச்சேன்.”

“ஏன் வீசல?”

“பெயிண்ட் காயறதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சிருவீங்க.”

அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

ஜூலை 13

கமிட்டியில் டாம்ஸின் தானே எழுந்து சொன்னாள். சாவியைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. கருவியைத் தொலைத்தவர்தான் ஒரு மாதத்துக்கு எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இன்று போட்டது கழுநீர் மாதிரி இருந்தது. குடித்தோம்.

டெஸ்மண்ட் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

மாலையில் பூட்டப் போனேன். பலகைக்குக் கீழே சுவரில் ஒரு புது அலமாரித் தட்டு. அதன்மேல் கண்ணாடி விருது. அதற்குப் பின்னால் அதன் உருவம் கறுப்பில் வரையப்பட்டிருந்தது, கொஞ்சம் கோணலாக. விருதின் அடியில் ஒரு மஞ்சள் பொட்டு.

“காணாமப் போனா தெரியணும்ல?” என்றார் டெஸ்மண்ட், கதவோரம் நின்று, விரல்களைத் துணியில் துடைத்தபடி.

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

பலகையை ஒருமுறை சரிபார்த்தேன். எல்லாம் இருக்கிறது. நாளைக் காலை மேபல் பறக்கிறது. கொட்டகையைத் திறக்க நான்தான் போகிறேன்.